கள்ளவேட்டை

ஆங்கிலத்தில் ‘போச்சிங்’ என்பார்கள். பை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வர். பிடித்ததைப் பைக்குள் போட்டுக்கொள்வதாம். இங்கிலாந்தில் பிரபுவின் நிலத்து முயலையோ மானையோ குடியானவன் பிடித்துவிட்டால் அது போச்சிங். நிலக்காரருக்குச் செய்த குற்றமாகவே அதைப் பார்த்தார்கள். செத்த முயலின் வழக்கு அந்தச் சொல்லில் இல்லை.

நம் செய்தித்தாள்கள் ‘வேட்டை’ என்று எழுதி நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. சங்க இலக்கியத்தின் ‘வேட்டம்’ தொடங்கி, சாமி பாரிவேட்டைக்கு எழுந்தருளுவது, வேட்பாளர் வாக்கு வேட்டைக்குப் புறப்படுவது வரை, வேட்டை என்றாலே தமிழில் ஒரு வீரம் ஒட்டிக்கொண்டு வருகிறது. சேர்வராயன் மலையடிவாரக் காப்புக்காட்டில் நடப்பதில் என்ன வீரம் இருக்கிறது?

உண்ணிச்செடிப் புதருக்குள் காட்டுப்பன்றி நுழைந்து நுழைந்து தேய்ந்த ஒரு சந்து. அதன் வாயில், பழைய பைக்கின் கிளட்ச் ஒயரை வளையமாக்கி, மறுமுனையை வேரில் இறுக்கியிருப்பார்கள். முயலுக்கு என்றால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். பன்றிக்கு இன்னும் மேலே. துரு ஏறிய கம்பி காய்ந்த கொடியோடு கலந்துவிடும். நின்றபடி பார்த்தால் தெரியாது. காவலர் மண்டியிட்டு, விலங்கின் கண்மட்டத்துக்குக் குனிந்துதான் பார்க்க வேண்டும். இதற்குச் சுருக்கு என்றும் கண்ணி என்றும் பெயர். தலையில் சூடும் பூமாலையையும் முன்னோர் கண்ணி என்றே சொன்னார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. பன்றிக்கு வைத்ததில் காட்டெருமைக் கன்றின் காலும் மாட்டலாம். இழுக்க இழுக்கக் கம்பி எலும்பு வரை இறங்கும்.

1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் சுருக்கு வைப்பதையும், இரை காட்டி ஈர்ப்பதையும், அதற்கான முயற்சியையும்கூட வேட்டை என்றே வரையறுக்கிறது. சரணாலயத்துக்கு வெளியிலும் இது பொருந்தும். வனத்துறையில் ‘வேட்டைத் தடுப்புக் காவலர்’ என்று பதவிப் பெயரே உண்டு.

ஆனால் எழுத்தில் ‘கள்ளவேட்டை’ என்றே நான் எழுதுவேன். கள்ளம் என்றால் திருட்டு, வஞ்சகமும் கள்ளம்தான். யாருடைய சொத்து என்று கேட்பதோடு நின்றுவிடாமல், தான் தினமும் நடக்கும் பாதையை நம்பி வந்த விலங்கை ஏமாற்றியதையும் இந்தச் சொல் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ‘சட்டவிரோத வேட்டை’ கோப்புக்குச் சரி. அந்தக் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு அது போதாது.

ஒரு சுருக்கு அகப்பட்டதும் காவலர்கள் திரும்பிவிடுவதில்லை. ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதே புதர் வரிசையில் அடுத்த சந்துக்கு முன் மறுபடி மண்டியிடுகிறார்கள்.