பெருத்தால் சாதுவாகும் கருந்துளை

கருந்துளை என்றதும், அக்கம்பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் உறிஞ்சிக் குடிக்கும் பூதம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. வீண் பழி. சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை அங்கே வைத்தால், பூமி இருண்டு உறைந்துபோகும். ஆனால் அதன் சுற்றுப்பாதை மாறாது. தூரத்தில் இருப்பவருக்கு நிறைதான் கணக்கு. அது எவ்வளவு சுருங்கிக் கிடக்கிறது என்பது பொருட்டே இல்லை.

கிட்டே போனால்தான் வித்தியாசம். சூரியனின் பரப்பு மையத்திலிருந்து சுமார் 7 லட்சம் கி.மீ. தள்ளி இருக்கிறது, அங்கிருந்து தப்பிக்க நொடிக்கு 618 கி.மீ. வேகம் போதும். அதே நிறையை 3 கி.மீ. ஆரத்துக்குள் அமுக்கினால், ஒளியின் வேகமும் போதாது. அந்த எல்லைக்குப் பெயர் நிகழ்வு எல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் பணியாற்றியபடியே கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு போட்ட கணக்கிலிருந்து, 1916-இல் வெளியான கட்டுரையிலிருந்து, வருவது இது. தொட்டுப் பார்க்க அங்கே சுவர் எதுவும் கிடையாது.

இந்த ஆரம் வளரும் விதம்தான் விசித்திரம். களிமண்ணை இரட்டித்து உருட்டினால் ஆரம் 1.26 மடங்குதான் ஆகும். கருந்துளையிலோ நிறை இரட்டித்தால் ஆரமும் அப்படியே இரட்டிக்கும். அதனால் பெருக்கப் பெருக்க அடர்த்தி குறைகிறது. எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவே இருப்பது சுமார் 650 கோடி சூரியன்களின் நிறை கொண்டது. வெளியிலிருந்து அளக்கும் ஆரத்தை வைத்துப் பார்த்தால் அதன் சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றைவிடக் குறைவு!

சரி, உள்ளே விழுந்தால்? கால் மையத்துக்குப் பக்கம், தலை சற்றுத் தள்ளி. காலை இழுக்கும் விசை அதிகம். 10 சூரிய நிறையுள்ள கருந்துளையின் எல்லையில் இந்த வித்தியாசம் பூமியின் ஈர்ப்பைப் போல ஒரு கோடி மடங்குக்கும் மேல். எல்லையைத் தொடும் முன்பே உடல் இழை இழையாகப் பிய்ந்துவிடும். நம் பால்வீதியின் மையத்தில் 40 லட்சம் சூரிய நிறையுடன் இருக்கும் கருந்துளையிலோ அது பூமியின் ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். சுற்றிலும் சுடுவாயு இல்லாவிட்டால், எல்லையைத் தாண்டியதே தெரியாது.

அப்புறம்? இந்தப் பால்வீதிக் கருந்துளை சுழலாதது என்று வைத்துக்கொண்டால், எல்லையிலிருந்து மையத்தை அடைய மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம் சொச்சம். வலி தெரிவது கடைசியில், ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி மட்டும். சிறிய கருந்துளையில் அது எல்லைக்கு வெளியே நடக்கிறது, பெரியதில் உள்ளே. நிறை எதுவானாலும் வலிக்கும் அந்தப் பத்தில் ஒரு நொடி மட்டும் மாறுவதில்லை.