வால்வின் ஓரத்தில் ஒரு ரத்தக் கொப்புளம்

பிறந்த குழந்தையின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 140 தடவை துடிக்கும். ரத்தம் ஒரே திசையில் ஓடக் கதவுபோல் திறந்து மூடுபவை இதய வால்வுகள். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 2 லட்சம் தடவை வால்வு இதழ்கள் ஒன்றோடொன்று மோதி மூடுகின்றன. அவை சந்திக்கும் அந்த ஓரத்தில்தான் சில குழந்தைகளுக்குக் கடுகளவில், கருஞ்சிவப்பாக ஏதோ புடைத்திருக்கும். புதுச் செருப்பு கடித்த இடத்தில் ரத்தம் கட்டி உப்புமே, பார்க்க அப்படித்தான். மருத்துவர்கள் ‘பிளட் சிஸ்ட்’ என்பார்கள். 1844-இலேயே எல்சாசர் என்பவர் இதைப் பற்றி எழுதிவிட்டார்.

கருவில் வால்வு எடுத்த எடுப்பில் இதழாக இருப்பதில்லை. நுங்குபோல் வழவழவென்ற திரட்சியாகத் தொடங்கி, பிறகுதான் மெலிந்து இதழாகிறது. அப்போது மேற்பரப்பில் நுண்ணிய மடிப்புகள் விழும். மடிப்புக்குள் ரத்தம் புகுந்தபின் அதன் வாய் ஒட்டிக்கொண்டால், ரத்தம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இதழுக்குள் இருக்கும் நுண்நாளம் அடைபட்டு உப்புகிறது என்று சொல்வோரும் உண்டு. கொப்புளங்கள் பெரும்பாலும் இதழ்கள் மோதும் கோட்டை ஒட்டியே இருப்பதால், எனக்கென்னவோ மடிப்புக் கதைதான் பொருந்துகிறது.

பச்சிளங்குழந்தைகளிடம் இது அபூர்வமே அல்ல. பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாகவே வற்றி மறைந்துவிடும். பெற்றோருக்குத் தெரியக்கூட வராது. வற்றாமல் தங்கி, வளர்வதுதான் அபூர்வம்.

அப்படித் தங்கியது பெரும்பாலும் வேறெதற்கோ எடுத்த எக்கோவில்தான், அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனையில்தான், கண்ணில் படும். திரையில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட ஒரு வட்டம், நடுவில் கறுப்பு. இதழ் அசையும்போதெல்லாம் அதுவும் கூடவே ஆடும். அந்தக் கறுப்புதான் துப்பு. உள்ளே இருப்பது திரவம் என்பதால் ஒலி அலை திரும்பி வருவதில்லை. தசைக்கட்டியோ கிருமித்தொற்றில் படிந்த திட்டோ என்றால் உள்ளே சாம்பல் நிறமாக நிறைந்திருக்கும். ஆனாலும் சந்தேகம் முழுசாகத் தீராது, எம்.ஆர்.ஐ. வரை போக நேரிடும்.

சிறியதாக, ரத்த ஓட்டத்தை மறிக்காமல் இருந்தால் தொடுவதில்லை. அவ்வப்போது எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வழியை அடைத்தாலோ, இதழ்களைச் சரியாக மூடவிடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிந்தாலோதான் கத்தி. இதய-நுரையீரல் இயந்திரத்தில் குழந்தையைப் போட்டு, இதயத்தைத் திறந்து அறுத்தெடுப்பார்கள். கொப்புளத்தைக் கீறியதும் கறுத்த ரத்தம் வடிந்து, பை சுருங்கிவிடும். இதழ் கிழியாமல் அந்தப் பையின் தோலை மட்டும் உரித்தெடுப்பதில்தான் நேரம் போகும்.