கறுப்புக் கோடு வந்தால் போதுமா?

கடலூரோ புதுச்சேரியோ, ஆபரேஷன் தியேட்டரில் கருவி மூட்டையைப் பிரிக்கும் சிஸ்டர் முதலில் பார்ப்பது மேலே ஒட்டிய டேப்பைத்தான். அதில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால், ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் மெஷின், வேலையை முடித்துவிட்டது என்று கணக்கு. உண்மையில் அந்தக் கோடு சொல்வது, மூட்டை சூட்டுக்குள் போய் வந்தது என்பதை மட்டுமே. உள்ளே கத்தரிக்கோல் இடுக்கில் கிருமி செத்ததா என்பது டேப்புக்குத் தெரியாது.

உலர்ந்த சூட்டில் கிருமியைக் கொல்ல 160 டிகிரியில் 2 மணி நேரம் வேண்டும். நீராவிக்கு 121 டிகிரியில் 15 நிமிடம் போதும். ஆவி கருவியைத் தொட்டுத் தண்ணீராகும்போது, கிராமுக்குச் சுமார் 2,200 ஜூல் வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. ஈரச் சூட்டில் கிருமியின் புரதமும் சீக்கிரம் உருக்குலையும்.

சரி, ஆவி தொடாவிட்டால்? அங்கேதான் காற்று குறுக்கே வருகிறது. குக்கரில் ஆவி நன்றாக வந்த பிறகுதானே வெயிட் போடுகிறோம்? உள்ளிருக்கும் காற்று போகட்டும் என்றுதான். ஆட்டோகிளேவில் பாதிக் காற்று தங்கிவிட்டால், மீட்டர் 121 டிகிரிக்கு உரிய 15 பவுண்டு அழுத்தத்தையே காட்டும். வெப்பமோ 112 டிகிரிதான் இருக்கும்.

சின்ன ஆஸ்பத்திரிகளில் துணியும் பஞ்சும் வைக்கும் ஸ்டீல் டிரம்மைக் கவனியுங்கள். பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகள், அவற்றின் மேல் நகரும் ஒரு பட்டை. உள்ளே வைக்கும்போது ஓட்டை திறந்திருக்க வேண்டும், வெளியே எடுத்ததும் மூட வேண்டும். திறக்க மறந்தால் வெளியே டேப் கறுத்துவிடும், நடுவிலிருக்கும் துணிக்கு ஆவி போய்ச் சேர்ந்திருக்காது. அமுக்கித் திணித்தாலும் இதே கதை. ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று இன்னும் நாலு துணியைச் சொருகுகிற அவசரத்துக்குத்தான் நான் மெஷின் கோளாறைவிட அதிகம் பயப்படுவேன்.

நம்பகமான பரீட்சை வேறொன்று. ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீருக்கும் அசையாதவை. அவை இருக்கும் குப்பியை, ஆவி நுழையக் கஷ்டமான இடத்தில் வைத்து ஓட்டுவார்கள். அப்புறம் அதை 55-60 டிகிரி சூட்டில் வளரவிட்டால், பிழைத்தவை பெருகிக் குப்பியிலுள்ள திரவத்தின் நிறத்தை மாற்றிவிடும். மாறினால் அந்த லோடு மொத்தமும் தள்ளுபடி.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளிலும் ஒரு விதி தளராது: நடுவில் கரண்ட் போய்ச் சூடு இறங்கிவிட்டால், 12 நிமிடம் ஆகிவிட்டதே, மீதி 3 நிமிடம் ஓட்டினால் போதும் என்ற பேச்சுக்கே இடமில்லை. மறுபடி 121 டிகிரி ஏறிய பிறகு முழுசாக 15 நிமிடம்.