ஆங்கிலம் படிக்கும்போது சீனம் கேட்கும் மூளை

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சீனாவிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் நண்பர் கடினமான ஆங்கில அறிக்கைகளைக்கூட மளமளவென்று படித்துவிடுவார். ஆனால் ஓர் ஊர் தனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 'ஐ வெரி ஃபமிலியர் திஸ் சிட்டி' என்பார். திருத்தினால் ஏற்றுக்கொள்வார், கொஞ்ச நாளில் மறுபடியும் அதேதான். அவர் மனதுக்குள் மொழிபெயர்த்துத்தான் பேசுகிறாரா?"

அருமையான கேள்வி. முதலில் இலக்கணத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். நன்கு அறிந்திருப்பதைச் சீனத்தில் 'ஷுஷி' என்பார்கள். அதற்கு முன்னால் 'மிக' என்று பொருள்படும் 'ஹென்' வரும், பின்னால் ஊரின் பெயர் நேரடியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஃபமிலியர் வித்' என்று வருவதுபோல நடுவில் 'ஆம்', 'வித்' எதுவும் வேண்டாம். 'வோ ஹென் ஷுஷி' என்று தொடங்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் நண்பர் சொன்னதுதான் கிடைக்கும். அறிதல் என்ற விஷயத்திலேயே சீனம் நுணுக்கமாகப் பிரித்துப் பேசும் மொழி. ஒரு செய்தி தெரிந்தால் 'ஜிதாவ்', ஓர் ஆளைத் தெரிந்தால் 'ரென்ஷி', உள்ளும் புறமும் விளங்கியிருந்தால் 'லியாவ்ஜியே'. ஆங்கிலத்தின் 'நோ' இவை எல்லாவற்றுக்கும் பொது, நம் 'தெரியும்' போல.

சரி, நண்பர் மொழிபெயர்க்கிறாரா? அவரிடமே கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். பொய் சொல்ல மாட்டார், அவருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே ஆளை விட்டுவிட்டு மூளையைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவர்கள் வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோம் தியெரியும் யான் ஜிங் வூவும். அவர்களுடைய ஆய்வு 2007இல் வெளிவந்தது. மொழி பற்றிய சோதனைகளில் இதைவிட அழகாகத் திட்டமிட்ட ஒன்றை நான் படித்ததில்லை.

அவர்கள் பயன்படுத்திய கருவி ஈ.ஈ.ஜி. தலைத் தோலின் மேல் மின்முனைகளை ஒட்டி, மூளையின் மின்னழுத்த மாறுதல்களைப் பதிவு செய்யும் கருவி அது. அங்கே கிடைப்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான அசைவுகள். ஒரு சொல்லைப் படிக்கும்போது எழும் அசைவைத் தனியே பிடிப்பது சந்தை இரைச்சலில் ஒருவருடைய மூச்சொலியைக் கேட்பது மாதிரி. அதனால் ஒரே வகைச் சொற்களைப் பல முறை காட்டி, பதிவுகளையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். தொடர்பில்லாத அசைவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோகும், சொல்லுக்கான அசைவு மட்டும் மிஞ்சும்.

அப்படி மிஞ்சுவதில் ஒன்றுக்கு என்-400 என்று பெயர். சொல் கண்ணில் பட்டு ஏறத்தாழ 400 மில்லி வினாடியில், அதாவது அரை வினாடிக்கும் முன்பே, எதிர்மின் திசையில் ஒரு சரிவு வரும். மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் இதை அறிவித்தார்கள். சூடான ரொட்டியில் காலுறையைத் தடவினான் என்பது போன்ற வாக்கியத்தைப் படிக்கும்போது, 'காலுறை' என்ற இடத்தில் சரிவு ஆழமாகும். 'வெண்ணெய்' என்று இருந்தால் ஆழம் குறையும். அதாவது, முன்னால் வந்த ஏதோ ஒன்று அடுத்த சொல்லுக்கு மூளையைத் தயாராக்கி வைத்திருந்தால் சரிவு சிறியது, இல்லாவிட்டால் பெரியது.

இப்போது தியெரியும் வூவும் செய்த தந்திரம். சீனாவில் வளர்ந்து, பிறகு பிரிட்டனுக்கு வந்து ஆங்கிலத்திலேயே படித்துக்கொண்டிருந்தவர்களை அழைத்தார்கள். திரையில் ஆங்கிலச் சொற்கள் இரண்டிரண்டாக வரும். பொருளில் தொடர்பு உண்டா இல்லையா என்று பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதில் ஒரு ஜோடி 'டிரெயின்', 'ஹாம்'. ரயிலுக்கும் பதப்படுத்திய பன்றித் தொடைக்கும் என்ன சம்பந்தம்? ஆங்கிலத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் சீனத்தில் ரயில் 'ஹுவோச்செ', நெருப்பு வண்டி. ஹாம் 'ஹுவோதுய்', எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் நெருப்புக் கால். இரண்டிலும் 'ஹுவோ' ஒளிந்திருக்கிறது. சோதனையில் சீனம் எங்கும் காட்டப்படவில்லை, பேசப்படவில்லை. பாதி ஜோடிகளில் இப்படி ஒரு பொது எழுத்து மறைந்திருந்தது, மீதிப் பாதியில் இல்லை.

பொத்தான் அழுத்திய வேகத்தில் வித்தியாசம் இல்லை. பங்கேற்றவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் என்-400 மாறியது! மறைந்த எழுத்து பொதுவாக இருந்த ஜோடிகளில் சரிவு சிறுத்தது. 'ஹாம்' வரும்போது மூளை ஓரளவு தயாராக இருந்திருக்கிறது, ஏனென்றால் 'டிரெயின்' என்று படித்தபோதே உள்ளே எங்கோ 'ஹுவோ' எழுந்துவிட்டது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்களிடம் இந்த மாற்றம் வரவில்லை. சொற்களின் தேர்வில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்ற கேள்விக்கு அதிலேயே பதில் வந்துவிட்டது.

எழுந்தது எழுத்தா, ஒலியா? சீன எழுத்துகள் இந்தக் கேள்விக்கென்றே செய்தவை போல அமைந்திருக்கின்றன. கணக்காளர் 'குவாய்ஜி', மாநாடு 'ஹுய்யி'. இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே, ஒலி மட்டும் வேறு. அனுபவம் 'ஜிங்யென்', வியப்பு 'ஜிங்யா'. இங்கே முதல் ஒலி ஒன்று, எழுத்து வேறு. இப்படிப்பட்ட ஜோடிகளை வைத்து அதே இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒலி பொதுவாக இருந்தபோதுதான் சரிவு குறைந்தது. ஆங்கிலத்தை மௌனமாகப் படிக்கும்போது அவர்களுடைய மூளைக்குச் சீனம் கேட்கிறது.

இனி வாசகரின் நண்பருக்கு வருவோம். ஒரு சொல்லுக்கு வடிவம் என்று ஒரு பாதி உண்டு, அதன் எழுத்தும் ஒலியும். பொருளும் இலக்கண நடத்தையும் சேர்ந்தது இன்னொரு பாதி. தாய்மொழியில் இரண்டும் ஒன்றாக வளரும். வளர்ந்தபின் இரண்டாம் மொழி கற்கும் ஒருவர் 'ஃபமிலியர்' என்று கேட்கும்போது, அதற்கான உட்பாதி ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது, 'ஷுஷி'யுடையது. ஆங்கில வடிவம் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது, ஷுஷியின் இலக்கணத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. நன் ஜியாங் என்ற ஆய்வாளர் 2000இல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இது. பழகப் பழக வேகம் கூடும், உட்பாதி மட்டும் பழையதாகவே தங்கிவிடக்கூடும் என்றார் அவர். 2002இல் அதைச் சோதித்தும் காட்டினார். 'பிராப்ளம்', 'குவெஸ்ச்சன்' இரண்டுக்கும் சீனத்தில் 'வென்தி' என்ற ஒரே சொல் உண்டு அல்லவா? இப்படி ஒரே மொழிபெயர்ப்பைப் பகிரும் ஆங்கில ஜோடிகளை, நன்றாக ஆங்கிலம் அறிந்த சீனர்கள் மற்ற ஜோடிகளைவிட நெருக்கமானவையாக மதிப்பிட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. நண்பர் வேகமாகப் படிப்பதும் அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறுவதும் முரண் அல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தாய்மொழியை வாயடைத்தால் ஆங்கிலம் தானாக வளரும் என்ற மூடநம்பிக்கை பரவலாக இருக்கிறது. தமிழில் பேசிய பிள்ளைக்கு அபராதம் போடும் பள்ளிகள் நம்மூரிலும் உண்டு. பிரிட்டனிலேயே வாழ்ந்து, ஆங்கிலத்திலேயே பட்டம் படித்தவர்களின் மூளையில்கூடத் தாய்மொழி அரை வினாடிக்குள் எழுகிறது என்றால், அந்த அபராதத்தால் எதைத் தடுக்க முடியும்? பிள்ளையின் கூச்சம்தான் கூடும். வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் பாங்கரில் இந்த ஆய்வு நடந்தது எனக்கு வியப்பாக இல்லை. இரண்டு மூன்று மொழிகளோடு வளரும் கோடிக்கணக்கான பிள்ளைகள் உள்ள நம் நாட்டில் இது இன்னும் பெரிய அளவில் நடக்க வேண்டும். ஈ.ஈ.ஜி. ஆய்வகத்துக்கு ஆகும் செலவு எம்.ஆர்.ஐ. கருவியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. நிதி ஒதுக்குபவர்களுக்கு இது ஏன் அவசரமாகத் தோன்றவில்லை என்று எனக்கு வருத்தம்தான்.

அப்புறம், நண்பரிடம் வாசகர் என்ன சொல்லலாம்? 'ஃபமிலியர் என்றால் ஷுஷி' என்று தனிச்சொல்லாக மனப்பாடம் செய்வதால் பயனில்லை, அந்த ஒட்டு ஏற்கெனவே உறுதியாகத்தான் இருக்கிறது. 'ஐ ஆம் ஃபமிலியர் வித்' என்பதை உடைக்காமல் ஒரே துண்டாக எடுத்துக்கொள்ளட்டும். நன்கு அறிந்திருப்பதைச் சொல்லும் 'வெல் வெர்ஸ்ட் இன்', 'நோ இன்சைட் அவுட்' போன்ற தொடர்களையும் அப்படியே. படித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் நூறு தடவை சொல்வதைவிட நாட்களை இடைவெளி விட்டுச் சொன்னால் நினைவில் நன்றாகத் தங்கும். திருத்துகிறவரும் தவறு நடந்தபின் திருத்துவதோடு நிற்காமல், அந்தத் துண்டு தேவைப்படும் கேள்விகளை அவ்வப்போது கேட்கலாம். "கெய்லாங் பக்கம் உங்களுக்கு நன்றாகத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருந்தால் போதும்.