மழைத்துளி அமுக்கிவிடும் காளான்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மழைக்குப் பிறகு மரத்தடியில் உருண்டையாக ஒரு காளான் வருகிறது. பழுப்பானதும் பிள்ளைகள் மிதித்தால் புகை கிளம்புகிறது. அது என்ன புகை? வெள்ளையாக இருக்கும்போது சமைக்கலாமா?"

புகை இல்லை, வித்துகள்; காளான் பரவுவதற்கான நுண்ணிய தூள். இந்த உருண்டைக் காளான்களில் உலகெங்கும் காணப்படுவது லைக்கோபெர்டான் பெர்லாட்டம். இளசில் உண்ணலாம், சமையலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குடைக்காளான் தன் வித்துகளைத் தானே சுண்டி எறியும். இதற்கு அந்தத் திறமை கிடையாது. வித்துகள் பைக்குள்ளேயே விளைகின்றன. முற்றியதும் வெள்ளைச் சதை கரைந்து, காய்ந்து, வெறும் தூளாகிவிடும். தூள் கட்டிபிடிக்காமல் நடுவே மெல்லிய இழைகள் பின்னிக் கிடக்கும். வெளியே காகிதம் போன்ற தோல், உச்சியில் ஒரு துளை.

இப்போது ஒரு மழைத்துளி விழுகிறது. தோல் குழிகிறது, உள்ளே நெருக்கப்பட்ட காற்று வித்துகளை வாரிக்கொண்டு துளை வழியே பாய்கிறது. அடுத்த நொடியே தோல் நிமிர்ந்து, வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு, அடுத்த துளிக்குத் தயாராகிவிடும். 1949-ல் பூஞ்சை ஆய்வாளர் பி. எச். கிரிகரி இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டினார். 1 மில்லிமீட்டர் துளியே போதுமாம்! ஒரு துளிக்குப் பத்து லட்சம் வித்துகள்கூட வெளியேறலாம். மழை விட்ட பிறகு இலையிலிருந்து சொட்டும் நீரும் இதே வேலையைச் செய்யும். பால்மரக் காட்டில் அந்தச் சொட்டு எவ்வளவு நேரம் நீளும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் காளான் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, காற்று சரியாக எட்டாது. ஆனாலும் தன் சக்தியில் துளியும் செலவழிக்காமல் மழையிடம் வேலை வாங்கிவிடுகிறது.

காளானில் மழை விழுவதைப் படமெடுக்க மானியம் கேட்டால் இன்று யார் தருவார்கள்? செம்பனையை அழுக வைக்கும் கனோடெர்மா பூஞ்சை என்றால் தருவார்கள். அதன் வித்து எப்படிப் பரவுகிறது என்பதும் இதே ரகக் கேள்விதான் என்று அவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

சரி, சமையல். மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டுங்கள். உள்ளே முழுக்க ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் தட்டினாலே தூக்கிப் போடுங்கள். குடையும் தண்டும் வரைந்தது போலத் தெரிந்தால் அது அமானிட்டா என்ற குடைக்காளானின் மொட்டு; அந்த இனத்தில் ஆளைக் கொல்பவை உண்டு. தோல் தடித்து, உள்ளே கருஊதாவாக இருந்தால் ஸ்க்ளிரோடெர்மா என்ற நச்சு உருண்டைக் காளான், வாந்தி நிச்சயம். இளம் ஸ்க்ளிரோடெர்மா உள்ளே வெளுப்பாகவும் இருக்கும். அதனால் காளான் அறிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் வெட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் மிதிக்கட்டும், மூக்கை மட்டும் கிட்டே கொண்டுபோக வேண்டாம். 1994-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இந்தத் தூளை வேண்டுமென்றே உறிஞ்சிய எட்டு இளவயதினருக்கு நுரையீரல் அழற்சி வந்தது.