பாட்டிலுக்குள் ஒரு கடலை மிட்டாய்

பணகுடிப் பக்கம் ஒரு சப்ஸ்டேஷனில் வேலை பார்க்கும் என் அத்தான், கழித்துப் போட்ட வி.சி.பி. பாட்டில் ஒன்றை நடுவாக அறுத்து மேசையில் வைத்திருக்கிறார். வேக்கம் சர்க்யூட் பிரேக்கர் என்று முழுப்பெயர் சொல்ல அங்கே யாருக்கும் பொழுதில்லை. லைனில் கோளாறு வந்தால் வெற்றிடத்துக்குள் வைத்துக் கரண்டை வெட்டிவிடும் பெரிய ஸ்விட்ச் அது. அதன் உயிர்நாடியான பீங்கான் குடுவைக்குப் பாட்டில் என்று பெயர். போன ஆடியில் போயிருந்தேன். கணவாய்க் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “மாப்ளே, இதுக்குள்ள காத்தே கிடையாது. பொறவு எதுலடே தீ எரியுது?”

வீட்டில் ஸ்விட்சை அணைக்கும்போது ஒரு பொறி தெறிக்குமே, அது அங்கே உள்ள காற்று சூடேறி மின்சாரத்தைக் கடத்துவதால் வருவது. காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுவரும் 33 கிலோவோல்ட் லைனில் (ஃபீடர்), இந்தக் காற்றில் இரண்டு கம்பி உரசிவிட்டால் ஓடுவது ஆயிரக்கணக்கான ஆம்பியர். அதை வெட்டும்போது பொறி வராது, ஆர்க் வரும், அதாவது அணையாமல் நின்று எரியும் மின் தீ. பழைய பிரேக்கர்கள் அதை எண்ணெய்க்குள் முக்கி அணைத்தன. வி.சி.பி.யில் காற்றையே எடுத்துவிட்டார்கள். பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் 10 கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதனால்தான் 11 கிலோவோல்ட்டைத் தடுத்து நிறுத்த ஒரு சென்டிமீட்டர் இடைவெளியே போதும்.

சரி, அப்புறம் ஆர்க் எதில் எரிகிறது? காண்டாக்டிலேதான், அதாவது பாட்டிலுக்குள் ஒன்றையொன்று தொட்டும் பிரிந்தும் கரண்டை விட்டு வெட்டும் வட்டுகளில். கண்ணாடி மாதிரி இழைத்த இரண்டு உலோக வட்டுகளை அழுத்தி வைத்தாலும் அவை உண்மையில் ஒட்டுவது சில புள்ளிகளில் மட்டுமே. பிரியும்போது கடைசிப் புள்ளி வழியாக மொத்தக் கரண்டும் போக வேண்டியிருப்பதால் அது உருகி, கொதித்து, ஆவியாகிவிடுகிறது. அந்த உலோக ஆவிதான் ஆர்க். கேத்தோடு (எதிர்மின் முனை) பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுப் புள்ளிகள், செம்பு என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 ஆம்பியரைச் சுமந்துகொண்டு, ஒன்றையொன்று விரட்டியபடி மேற்பரப்பெங்கும் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 100 முறை கரண்ட் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகும். அந்த நொடிப்பிளவில் ஆவி உற்பத்தி நின்று, இருக்கும் ஆவியும் மைக்ரோ நொடிகளில் பறந்துபோய்ச் சுற்றியுள்ள தகடுகளில் படிந்துவிடும். மீண்டும் வெற்றிடம். அறுத்த பாட்டிலின் உள்சுவரில் செம்பு நிறத்தில் புகை பிடித்த மாதிரி ஒரு பூச்சு இருந்ததே, அது அப்படிப் படிந்ததுதான்.

இங்கேதான் காண்டாக்ட் செய்பவருக்குத் தலைவலி ஆரம்பம். பெரிய கரண்டில் உலோகம் அதிகம் ஆவியாகக் கூடாது, இல்லாவிட்டால் பூஜ்யம் தாண்டியும் ஆர்க் சாகாது. ஆனால் சின்னக் கரண்டில் ஆவி போதாமல் போனாலும் வம்பு: பூஜ்யத்துக்கு முன்னாலேயே ஆர்க் பட்டென்று செத்துவிடும். சுத்தச் செம்பு வைத்தால் 15 ஆம்பியர் வாக்கில் இப்படி அறுந்துபோகும். கேட்க நல்லதாகத்தானே இருக்கிறது? ஆனால் காற்றாலை அடியில் சுமையில்லாமல் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளில் இருக்கும் காந்த சக்தி போக இடமில்லாமல் வோல்ட்டேஜாக எகிறி, இன்சுலேஷனைப் பதம் பார்த்துவிடும். ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் என்ன ஆவார்களோ அதேதான்.

இன்னொரு பிரச்சினை ஒட்டிக்கொள்வது. வெளியில் உள்ள செம்பில் கறுப்பாக ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். வெற்றிடத்தில் அது கிடையாது, அதனால் சுத்த உலோகமும் சுத்த உலோகமும் அழுத்தினாலே பற்றிக்கொள்ளும். ஆர்க்கில் உருகிய முகம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒட்டிப்போன பிரேக்கர் பிரேக்கரே இல்லை. 1926இல் கலிஃபோர்னியாவில் சோரன்சன், மெண்டன்ஹால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வெற்றிடத்தில் மின்சாரத்தை வெட்ட முடியும் என்று காட்டிவிட்டார்கள். ஆனால் உலோகத்துக்குள்ளிருந்து கசியும் வாயுவையும் பாட்டிலை மூடும் வித்தையையும் கைக்குள் கொண்டுவரவே முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. பிறகு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்காரர்கள் செம்பில் பிஸ்மத் என்ற உலோகத்தைத் துளி கலந்தார்கள். பிஸ்மத் செம்பின் நுண்ணிய படிக மணிகளுக்கிடையில் போய் உட்கார்ந்து பலவீனமாக்குவதால், ஒட்டினாலும் எளிதில் உடையும். வோல்ட்டேஜ் தாங்கும் திறன்தான் குறைவு.

இன்று பெரும்பாலும் செம்பு–குரோமியம், எடையில் 25 முதல் 50 சதவீதம் குரோமியம். இது எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் கோவில்பட்டிக் கடலை மிட்டாயைத்தான் காட்டுவேன். செம்பு 1085 டிகிரியில் உருகும், குரோமியம் 1907இல். திட நிலையில் இரண்டும் ஒன்றில் ஒன்று அநேகமாகக் கரையவே கரையாது. அதனால் பொடியாகக் கலந்து அழுத்தி, வெற்றிட உலையில் சுட்டு எடுக்கிறார்கள். செம்புதான் பாகு, கரண்டையும் சூட்டையும் கடத்தும். குரோமியம் கடலை. ஒட்டிக்கொண்டால் மிட்டாய் மாதிரியே பட்டென்று விண்டுவிடும். அதோடு குரோமியத்துக்கு இன்னொரு குணம், மிச்சம் மீதி ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு வெற்றிடத்தைக் காப்பாற்றும். சின்னக் கரண்ட் அறுந்துபோகும் அளவும் 3 முதல் 5 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இது: ஆர்க்கில் ஒருமுறை உருகி உறைந்த மேல்தோலில் குரோமியம் இன்னும் நுணுக்கமாகச் சிதறி, முகம் முன்னைவிட நன்றாகிவிடும். அடி வாங்கித் தேறுகிற சரக்கு!

கலவை மட்டும் போதாது, வடிவமும் வேண்டும். ஏறக்குறைய 10 கிலோ ஆம்பியர் தாண்டினால் ஓடியாடிய புள்ளிகள் எல்லாம் ஒரே தூணாகத் திரண்டு ஒரே இடத்தைச் சுட ஆரம்பிக்கும். அல்வா கிண்டும்போது கரண்டி நின்றால் அடிப்பிடிக்குமே, அது போல. அத்தான் வைத்திருந்த வட்டில் அரிவாள் வளைவாக நான்கு கீறல்கள் இருந்தன. நான் முதலில் விரிசல் என்றே நினைத்தேன். அது வேண்டுமென்றே வெட்டியது. கீறல் வழியே சுற்றிப் போக வேண்டிய கரண்ட் தானே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, ஆர்க்கைப் பிடித்துத் தள்ளி விளிம்பைச் சுற்றி ஓடவிடும். கிண்டுவதற்கு ஆள் வேண்டாம், எரிகிற தீயே கரண்டியையும் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு வகையில் வட்டுக்குப் பின்னால் சுருள் மாதிரி ஒரு பாதை வைத்து, ஆர்க் போகும் திசையிலேயே காந்தப்புலம் கொடுப்பார்கள். அப்போது ஆர்க் திரளாமல் முகம் முழுக்கப் பரவியே நிற்கும், தேய்மானமும் குறைவு. என்ன, சுருள் வழியாகக் கரண்ட் சுற்றிப் போவதால் சாதாரண நாளிலும் கொஞ்சம் கூடுதலாகச் சுடும்.

மூடியிருக்கும்போதும் நிம்மதி இல்லை. தொடும் புள்ளிகளில் கரண்ட் குறுகிப் பாயும்போது வட்டுகள் ஒன்றையொன்று எத்தித் தள்ளும், அதுவும் கரண்டின் இருமடிக்கு ஏற்ப. 25 கிலோ ஆம்பியர் பிரேக்கரில் உச்சக் கரண்ட் 63 கிலோ ஆம்பியரைத் தொடும், அதைத் தாங்க 200 கிலோ எடை ஏறி நிற்கிற மாதிரி ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ட்ரிப்பிலும் காண்டாக்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பாட்டிலைத் திறந்து பார்க்க முடியாது, திறந்தால் வெற்றிடம் போச்சு. அதனால் பல மாடல்களில் அசையும் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும், தேயத் தேய அது உள்ளே போகும். பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் தேய்மானம்தான் கணக்கு, அதற்கு மேல் பாட்டிலை மாற்ற வேண்டும். வெற்றிடம் இருக்கிறதா என்பதற்கு, பிரேக்கரைத் திறந்து வைத்து இடைவெளியில் உயர் வோல்ட்டேஜ் கொடுத்துப் பார்ப்பார்கள். தாங்கினால் பாட்டில் சரி. அத்தானின் பாட்டிலில் கோடு மறைந்தே போயிருந்தது. “காத்து சீசன் முடியட்டும்னு இழுத்துட்டோம்டே” என்றார், கொஞ்சம் சங்கடமாக.