யானைப் பற்பசை: நுரையோடு சூட்டையும் காட்டுங்கள்

பாட்டில் வாயிலிருந்து தடித்த நுரை பிதுங்கி வழியும் ‘யானைப் பற்பசை’ சோதனையைப் பார்த்துக் கைதட்டாத குழந்தை இல்லை. பல வகுப்புகளில் அந்தக் கைதட்டலோடு பாடமும் முடிந்துவிடுவதுதான் வருத்தம். நுரை பொங்கும்போதே பாட்டில் சூடாகிறது. கற்றுத்தர வேண்டியது அதைத்தான்.

இந்தச் சோதனைக்குத் தேவையான ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்துக் கடையில் பெரும்பாலும் 6 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். லேபிளில் ‘20 வால்யூம்’ என்று இருந்தால், 1 மில்லிலிட்டர் கரைசல் முழுவதும் சிதையும்போது சுமார் 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வெளிவரும் என்று பொருள். சம அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். காணொளிகளில் கூரையை முட்டும் நுரைக்கு 30 சதவீதக் கரைசலைப் பயன்படுத்துவார்கள். அது தோலைப் புண்ணாக்கிவிடும். குழந்தைகள் பக்கமே கொண்டுவரக் கூடாது.

குறுகிய வாயுள்ள பாட்டிலில் 100 மில்லிலிட்டர் கரைசல், ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, தண்ணீரில் கரைத்த உலர் ஈஸ்ட்டை ஊற்றுங்கள். ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்திருந்தால் முதலில் ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் சூடு எங்கிருந்து வந்தது என்று குழந்தை கேட்கும்போது பதில் இருக்காது. கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். பாட்டிலை மூடவே கூடாது. நுரையில் பெராக்சைடு மிச்சமிருக்கும் என்பதால் வாயில் படக் கூடாது.

பெராக்சைடு மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு பலவீனமானது. அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் மாறும்போது மிஞ்சும் ஆற்றல் வெப்பமாக வெளியேறுகிறது. ஒரு மோல், அதாவது சுமார் 34 கிராம் பெராக்சைடு, சிதைந்தால் சுமார் 98 கிலோஜூல். நம் 100 மில்லிலிட்டருக்குக் கணக்குப் போட்டால், வெப்பம் சிறிதும் வீணாகாதபோது வெப்பநிலை ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ் உயர வேண்டும். நுரையும் பாட்டிலும் காற்றும் பங்கு பிரித்துக்கொள்வதால் வெப்பமானி அதைவிடக் குறைவாகவே காட்டும்.

ஈஸ்ட்டில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி வெப்பத்தைத் தருவதில்லை. அலமாரியில் இருக்கும் பெராக்சைடும் மெல்லச் சிதைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் கசியும் சூடு கைக்குத் தெரியாது. நொதி அதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது, தான் செலவாகாமலேயே.

அடுத்து, சமையல் சோடாவில் வினிகரை ஊற்றுங்கள். அதுவும் பொங்கும், ஆனால் பாத்திரம் குளிரும். அந்த வினை சுற்றியுள்ள திரவத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே நுரையை உண்டாக்குவது கார்பன் டை ஆக்சைடு. இரண்டு பாத்திரங்களையும் அருகருகே வைத்து, வெளிப்புறத்தைக் குழந்தைகளே தொட்டுப் பார்க்கட்டும்.